திரிந்த சொதி

அம்பாசமுத்திரம்,
6.10.2025

அன்புள்ள உலகம்மைக்கு,

சண்முகசுந்தரி எழுதுவது. இங்கே நானும் இவரும் சுகம். ஓசூரில் நீயும் ப்ரியாவும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ “சரி போகட்டும், விடுளா” என்பாய். அதற்கு மேல் எனக்கு வாய் வராது. காகிதம் குறுக்கே பேசாது.

ஊரில் கார் நெல் அறுப்பு முடிந்துவிட்டது. மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் மேகம் கூடுகிறது, இறங்கி வந்து பெய்யத்தான் அதற்கு மனசில்லை. புதன்கிழமைதோறும் உன் வீட்டைத் திறந்து பெருக்கி வைக்கிறேன். சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றியாயிற்று. பக்கத்து வீட்டு முத்துராணி உன் முருங்கையில் காய் பறித்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கேட்பதற்கு முன்பே பறித்துவிட்டாள் என்று தெரிந்தும் சரி என்றேன்.

நம் சமையல் காண்ட்ராக்ட் நிற்கவில்லை. நீ போன பிறகு பொன்செல்வியை உதவிக்கு வைத்துக்கொண்டு ஒன்பது வேலை பார்த்துவிட்டேன். காதுகுத்து, வளைகாப்பு என்று சின்ன வேலைகள்தான். ஆழ்வார்குறிச்சிக் கல்யாணத்துக்குப் பிறகு பெரிய வீட்டு வேலை எதுவும் நம்மைத் தேடி வரவில்லை. மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு மரியாதையாக வைக்கிற தேங்காய்ப்பால் சொதியையே திரிய விட்டவர்கள் என்று பெயர் வாங்கிவிட்டோமே. வருகிற ஒன்றிரண்டு பேரிடமும் சொதி மட்டும் செய்வதில்லை என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன்.

போன வாரம் ப்ரியாவிடம் பேசினேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். “அம்மா அடுப்புப் பக்கமே வரமாட்டேங்கா சித்தி. கேட்டா கைப்பக்குவம் போச்சுங்கா. ரசம்கூட நான்தான் வைக்கேன்” என்றாள். ப்ரியா வைக்கிற ரசத்தை நீ குறை சொல்லாமல் குடிக்கிறாய் என்றால் நிலைமை மோசம்தான் என்று அவளிடம் சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுதேன். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

அன்றைக்கு நீ எல்லாம் சரியாகத்தான் செய்தாய். தலைப்பால் விட்டு, நுரை கூடியதும் அடுப்பை அணைத்தாய். பாத்திரம் பெரிது என்பதால் இறக்காமல் அடுப்பின் மேலேயே விட்டிருந்தாய். சூடு ஆறியதும் எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டு, இஞ்சித் துவையலுக்கு உப்புப் பார்க்கப் பின்பக்கம் போனாய். ஏரலிலிருந்து மாப்பிள்ளை வீட்டு பஸ் வர ஒரு மணி நேரம் தாமதம். நான் பந்தி போடும் இடத்திலிருந்து உள்ளே வந்து பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புகூட இல்லை. ஆறிப்போனதை ஊற்றினார்கள் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிடுவார்களே என்று, நான்தான் உலகம்மை, அந்த அடுப்பை மறுபடி பற்றவைத்தேன்.

பழம் பிழிந்தாயிற்றா என்று உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழம் பிழிந்த பிறகு சொதியைச் சூடு காட்டக்கூடாது என்று நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? இரண்டு நிமிஷம்தானே என்று நினைத்தேன். பஸ் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். இலை போட ஓடினேன், அதோடு மறந்தும் போனேன்.

முதல் பந்தியில் மாப்பிள்ளையின் தாய்மாமா சோற்றில் கையை வைத்துக்கொண்டு “இது என்னது, மோரா?” என்று கேட்டது உனக்கு மறந்திருக்காது. பெண்ணைப் பெற்ற ஞானசம்பந்தன் அண்ணாச்சி முகம் கறுத்து உள்ளே வந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. “அடுப்ப அணைக்கக்கூடத் தெரியாத ஆளையா நம்பிக் கூப்பிட்டேன்” என்று இருபது பேர் முன்னால் உன்னைப் பேசினார். நீ நெருப்பைப் பார்த்தாய். பிறகு உன் கையைப் பார்த்தாய். நான் தண்ணீர்ச் செம்போடு வாசலிலேயே நின்றேன்.

பாத்திரம் கழுவும்போது சொல்லலாம் என்றிருந்தேன். வேனில் ஏறியதும் சொல்லலாம் என்றிருந்தேன். வேனில் நீ, “அணைச்சேன்னுதான் நெனைச்சேன், எனக்குப் புத்தி தடுமாறுதுளா” என்றாய். அப்போதும் உன் முதுகைத் தடவிக் கொடுத்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. நீ ஓசூருக்குக் கிளம்பிய அன்று புளிசாதம் கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன், அதையும் செய்தேன். எல்லாம் பயம். உண்மையைச் சொன்னால் வேலையும் போகும், நீயும் போய்விடுவாய் என்ற பயம். சொல்லாமலே இரண்டும் போயிற்று.

நாலு மாதமாக வாரம் ஒரு தடவை வீட்டில் சொதி வைத்துப் பார்க்கிறேன். ஒரு நாள் வேண்டுமென்றே பழம் பிழிந்துவிட்டு மறுபடி சூடு காட்டினேன். தண்ணீர் தனியாக, திப்பி திப்பியாக, அன்றைக்கு இலையில் விழுந்தது மாதிரியே வந்தது. இவர் அதையும் சாப்பிட்டு எழுந்து, இனிமேலாவது ஒரு புளிக்குழம்பு வைக்கக்கூடாதா என்று கெஞ்சினார். இப்போது எனக்குச் சுமாராக வருகிறது. உன்னுடையதுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை ஆழ்வார்குறிச்சிக்குப் போய் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சமையல்ல தப்பு வரத்தான் செய்யும். அந்த அம்மாவ நான் ஏசும்போது நீங்க அங்கனதான நின்னுக்கிட்டிருந்தீய?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். தானே உன்னிடம் பேச வேண்டும் என்று உன் நம்பரை வாங்கிக்கொண்டார். என் கடிதம் போய்ச் சேரட்டும், ஒரு வாரம் கழித்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இதை நீ முதலில் என்னிடமிருந்துதான் கேட்க வேண்டும்.

இன்னொரு சேதி. ஐப்பசியில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு மணிவிழா, எண்பது பேர். சொதி வேண்டும் என்றார்கள். இந்தத் தடவை மறுக்கவில்லை. அந்த வீட்டம்மாவிடம் ஆழ்வார்குறிச்சியில் நடந்ததையும், அது யார் செய்தது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் ஒத்துக்கொண்டேன். நானும் பொன்செல்வியும் பார்த்துக்கொள்வோம். பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் செய்வேன். உன்னை வேலைக்குக் கூப்பிட இதை எழுதவில்லை. கூப்பிடுகிற உரிமையை நான்தான் தொலைத்துவிட்டேனே. நீ திட்டி எழுதினாலும் சரி, எழுதாமலே இருந்தாலும் சரி, புதன்கிழமை உன் வீட்டைத் திறந்து பெருக்குவேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு தேங்காயைத் திருகி, பால் எடுத்து, ப்ரியாவுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு நாள் நீ சொதி வைத்துக் கொடு. கோபம் என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். உன் கையின் மேல் மட்டும் வேண்டாம். அது ஒரு தப்பும் செய்யவில்லை.

இப்படிக்கு,
அன்றைக்கு அடுப்பைப் பற்றவைத்த
சண்முகசுந்தரி