எந்தப் பருப்பு வேண்டும்?

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிள்ளைகள் இருவரும் நன்றாக இருக்கிறார்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

உங்கள் தங்கை கண்ணை மூடியபிறகு கடைக்குப் போவது நான்தான். லேத் பட்டறையில் நூலளவு பிசகாமல் இரும்பைக் கடைகிறவனுக்கு மளிகைக்கடையில் நாக்கு எழவில்லை. எந்தப் பருப்பு என்று கடைக்காரர் கேட்டார். சமைக்கிற பருப்பு என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அரிசியிலும் பச்சரிசி, புழுங்கலரிசி என்று இருக்கிறதாமே. நான் வாங்கிவந்தது கஞ்சியாய்க் குழைந்துவிட்டது. பெரியவள் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது அம்மா வாங்குற அரிசி இல்லப்பா" என்று தட்டைத் தள்ளினாள். எது என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை, பாவம். நீங்கள் இங்கே இருந்தவரை இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தானே வாங்குவீர்கள். அதன் பெயரை எழுதுங்கள்.

போன வாரம் சின்னவனுக்குப் பால்மாவு தீர்ந்துவிட்டது. வேலை விட்டு வரும் வழியில், அதே நிற டப்பாவாகப் பார்த்து மருந்துக்கடையில் வாங்கினேன். அது கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளுக்கு உள்ளதாம். குடித்ததையெல்லாம் கக்கினான். மறுநாள் அழக்கூடச் சக்தியில்லாமல் துவண்டு கிடந்தான். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நர்ஸ் டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுலயே எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா? குழந்தையோட அம்மா எங்க?" என்று கேட்டார். படிக்கத் தெரியும் என்றேன். குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான், பயப்படாதீர்கள். ஆனால் இப்போது ஒவ்வொரு புட்டி கலக்கும்முன்பும் டப்பாவில் எழுதியிருப்பதை இரண்டுதரம் படிக்கிறேன்.

பகலில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். தங்கமான மனசு. பெரியவள் கட்டிப்பிடித்துத் தூங்குகிற சேலை, உங்கள் தங்கை கடைசியாக உடுத்தியது. அழுக்காகக் கிடக்கிறதே என்று அதைத் துவைத்துப் போட்டுவிட்டார். அம்மா வாசம் போய்விட்டது என்று பிள்ளை தூங்க மாட்டேன் என்கிறாள். உங்கள் தங்கை தலைக்கு வைத்தது என்ன எண்ணெய், அண்ணி? அந்த வாசம் எனக்கும் தெரியும், பெயர்தான் தெரியவில்லை. கடையில் ஒவ்வொரு புட்டியாய்த் திறந்து முகர்ந்தேன். வாங்குவதானால் வாங்கு, இல்லாவிட்டால் மூடி வை என்று கடைக்காரர் அதட்டினார். ஏதோ ஒன்றை வாங்கிவந்து சேலையில் தடவிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தவள், மடித்து என்னிடமே தந்துவிட்டாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடக்கம் முடிந்த அன்று, சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு, இவனை நான் கொண்டுபோய் வளர்க்கட்டுமா என்று கேட்டீர்கள். வெடுக்கென்று பேசிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் ஒரு வாரமாவது வாருங்கள். எதை வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது என்று கூடவே கடைக்கு வந்து காட்டிக்கொடுத்தால் கற்றுக்கொள்வேன். உங்களைத் தவிர எனக்குக் கேட்க ஆளில்லை.

ஆனால், அன்று கேட்டதை மட்டும் மறுபடி கேட்டுவிடாதீர்கள் அண்ணி. இந்த முறை கேட்டால், முடியாது என்று சொல்ல என்னிடம் தெம்பில்லை.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
இந்தப் பிள்ளைகளின் அப்பா