வம்ச மரத்தில் இல்லாத மிலேனா

என் பிரியமான ரதோவான் அண்ணா,

நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. ஒலிம்பிக்ஸுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நம் வரைபட அலுவலகத்தில் உங்கள் மேசையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. நான் உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன் அண்ணா. போனவர்மேல் கோபப்படலாமா?

மதியச் சாப்பாட்டு வேளையில் உங்கள் மொன்டினீக்ரோ மலைக்குலத்தின் கதை கேட்காத நாளில்லை. தலைமை இரண்டே வீடுகளில் மாறி மாறி இருந்தது, அதில் ஒன்று உங்கள் வீடு. அப்பா, பாட்டன், பூட்டன் என்று பதினொரு பெயர்களை மூச்சு விடாமல் அடுக்குவீர்கள். போன குளிர்காலத்தில் அதை வம்ச மரமாக வரைந்து தரச் சொன்னீர்கள். செயின்ட்-மிஷேல் பகுதியில் இருக்கும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஞாயிறுதோறும் உட்கார்ந்தோம். கடைசியாக உங்கள் பெயரை எழுதிவிட்டு, "பிள்ளைகள்?" என்று கேட்டேன்.

"இல்லை. என்னோட முடிஞ்சுது. கீழே கோடு போட்டு மூடிடு" என்றீர்கள்.

போட்டேன், என் கையாலேயே. அன்று உங்களை நினைத்து அழவும் செய்தேன். சரியான மடையன் நான்!

அடக்கத்தன்று கறுப்பு உடுத்திய ஒரு பெண் பெட்டியருகே நின்று ஒப்பாரி வைத்தாள். அந்தப் பதினொரு பெயர்களையும் ஒவ்வொன்றாக விளித்து, "எழுந்திருங்க, ரதோவான் வர்றார், இடம் விடுங்க" என்று அழுதாளாம். பக்கத்தில் நின்ற உங்கள் ஊர்க்காரர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்.

"யார் இது?" என்றேன்.

"மகள். மிலேனா. டொராண்டோவிலிருந்து வந்திருக்கா."

"பிள்ளை இல்லைன்னாரே?"

அவருக்கு என் குழப்பமே விளங்கவில்லை. "ஆமா, இல்லைதான். நாங்க மகன்களை மட்டும்தானே எண்ணுவோம்."

வீட்டில் சொன்னதும் என் மனைவி கமலா கொதித்துப்போனாள். "பெத்த பொண்ண இல்லன்னு சொல்ல எப்படிங்க வாய் வந்துச்சு?" என்றாள். சற்றுப் பொறுத்து, "நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழுதாம்" என்று அவளே முணுமுணுத்தாள்.

நேற்று மிலேனா அந்த வம்ச மரப் படத்தை வாங்க வந்தாள். உங்கள் பெயருக்குக் கீழே நான் போட்ட கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெயரெல்லாம் அப்பா சொல்லிக்கொடுத்தாரா?" என்று கேட்டேன்.

"இல்லை. காலையில சவரம் பண்ணும்போது தனக்குத்தானே சொல்லிக்குவார். கேட்டுக் கேட்டு வந்துடுச்சு."

எனக்குத் தாங்கவில்லை. "பிளேடால இந்தக் கோட்டைச் சுரண்டிட்டு உங்க பெயரை எழுதட்டுமா?"

"குலத்து ஆம்பளைதான் இதை மாத்தலாம். நீங்க யாரு?" என்றாள். கேட்டதில் கோபமில்லை, பயம்தான் இருந்தது.

அப்போதுதான் சொன்னேன். நான் சென்னையிலிருந்து வந்த முதல் வருடம், அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் என்னை மூன்று முறை கன்னத்தில் முத்தமிட்டு, "இன்னையிலேர்ந்து நீ என் தம்பி" என்றீர்களே, அதை. உங்கள் மலையில் அது ரத்த உறவுக்குச் சமம் என்றும், சொன்ன சொல்லைச் சாவுகூட மாற்றாது என்றும் நீங்கள்தானே சொன்னீர்கள்?

அவள் படத்தை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு உங்கள் மொழியில் என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டாள்.

கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டேன் அண்ணா. தாள் கிழியவில்லை. வருகிற ஞாயிறு அவள் கண்ணெதிரே, உங்கள் பெயருக்கு எழுதிய அதே அளவு எழுத்தில், மிலேனா என்று எழுதுவேன். இது உங்கள் தம்பியின் வாக்கு. கூடாது என்று சொல்ல உங்களால் முடியாது.

இப்படிக்கு,
மிலேனாவின் சித்தப்பா,
சுந்தரம்