பகலில் தெரியாத நெருப்பு

போன கிழமை காய்ச்சலுக்கு ஊசி போட டிஸ்பென்சரிக்குப் போயிருந்தேன். நர்ஸ் மிஸ்ஸி பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் கையில் தேய்த்தார். தோல் குளிர்ந்து அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உடம்பு விறைத்துவிட்டது. ஊசிக்குப் பயப்படுகிற வயசா என்று அவர் கேட்டார். நானும் சிரித்துவைத்தேன். செத்துப்போன நீ எனக்குப் பக்கத்தில் வந்து குந்திவிட்டாய் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இப்படித்தான் வருகிறாய். தரையைப் பார்த்தபடி, வலது கையை நீட்டிக்கொண்டு இருக்கிறாய்.

மாத்தளை பஸ் ஸ்டாண்டில் பிளாஸ்டிக் வாளி விற்றுத் தொடங்கியவன் நான். எந்தச் சாமான் ஓடும், எது தூசி பிடித்துக் கிடக்கும் என்று வாங்கும்போதே எனக்குத் தெரியும். நக்கிள்ஸ் மலைக்கு முதுகில் பை போட்டு ஏறுகிற கூட்டம் பெருகியதும் வாளியை உள்ளே தள்ளிவிட்டுக் கூடாரமும் கயிறும் டார்ச்சும் முன்னால் வைத்தேன். கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளை அடுப்பைக் கண்டேன். ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால் போதும். புகை இல்லை, கரி இல்லை, சத்தமும் இல்லை. விறகு மூட்டக்கூடாது என்று தடுக்கிற காட்டுக்கு இதைவிட நல்ல சாமான் கிடைக்காது என்று ஒரு பெட்டி எடுத்துவந்தேன்.

லக்கல பக்கம் ஆட்களை வேனில் கூட்டிப்போய்ச் சமைத்துப்போட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது உன் தொழில். கடைக்கு வந்து பெட்டியைத் திறந்தவன், ஒன்றை விரலில் மாட்டிச் சுழற்றினாய்.

“இதுல என்னடா மச்சான் ஆக்குறது? பொம்மைக்குச் சோறா?”

உன் வாயை அடைக்க அன்று மதியமே கடை வாசலில் பற்றவைத்தேன். கேத்தல் கொதித்தது. பிளேன்டீயும் குடித்தோம். பிறகு பார்த்தால் அடுப்பில் ஒன்றும் தெரியவில்லை. அணைந்துவிட்டது என்று நினைத்து ஸ்பிரிட் போத்தலைச் சாய்க்கப் போனேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். கீழே கிடந்த ஒரு காய்ந்த இலையை எடுத்து அடுப்புக்கு மேலே காட்டினாய். வெயிலில் எந்தச் சுவாலையும் தெரியாமலே அந்த இலை சுருண்டு, கறுத்து, பற்றிக்கொண்டது.

“கண்ணுக்குத் தெரியலன்னா அணைஞ்சிருச்சுன்னு அர்த்தமில்ல மச்சான்.”

வாளிக்காரனுக்கு நெருப்பைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு குத்தும் குத்தினாய். ஆனாலும் போகும்போது ஒரு அடுப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் போனாய்.

அதற்குப் பிறகு உன் பயணங்களில் சிலவற்றில் நானும் வந்தேன். சாமான் எப்படி உழைக்கிறது என்று பார்க்க வந்தேன் என்றுதான் வெளியில் சொல்வது. நீ காற்றுக்கு மறைவாகக் கல்லை அடுக்கி, டின் மீனில் வெங்காயமும் மிளகாயும் போட்டுக் கிளறுவாய். சாப்பாட்டை விட எனக்கு மறக்காதது நீ அடுப்பை அணைக்கிற விதம். மூடியை மெல்ல வைப்பாய். வைத்ததும் எழும்பிவிட மாட்டாய். உள்ளங்கையை மேலே விரித்துப் பிடித்து, கோயிலில் ஒரு கும்பிடு போடுகிற நேரம் அப்படியே இருப்பாய். மூடி சரியாக உட்காராவிட்டால் சூடு கைக்குத் தெரியும். அடுப்புக்கு ஆசீர்வாதம் நடக்கிறது என்று வந்தவர்கள் கேலி செய்வார்கள். உனக்கு அது உறைக்காது. சுற்றிலும் மானாப் புல், மழை இல்லாத மாதங்களில் ஒரு பொறி போதும் என்பாய்.

உன் கடைசிப் பயணத்திற்கு நான் வரவில்லை. கொழும்பிலிருந்து வந்த புருஷன் பெண்சாதி இருவரும் நீயும் மட்டும். வெயில் இன்னும் சாயவில்லையாம். தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்திருந்தாயாம். பற்றைக்குள்ளிருந்து தனி யானை வெளியே வந்தது. “வேனுக்கு ஓடுங்க” என்று அவர்களை முதலில் அனுப்பிவிட்டாய். ஓடுகிறபோது அந்தப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கிறாள். நீ குனிந்துகொண்டிருந்தாய்.

செத்த வீட்டில் அவள் அழுதுகொண்டு சொன்னது இவ்வளவுதான். மிச்சத்தை ஊர் சேர்த்துக்கொண்டது. கருமாதி முடிவதற்குள், பித்தளைத் துண்டை எடுக்கத் திரும்பி யானையிடம் உயிரை விட்டவன் என்று உனக்குப் பேர் விழுந்துவிட்டது. விறகு நெருப்பாக இருந்திருந்தால் புகைக்கு யானை ஒதுங்கியிருக்கும் என்றும் சிலர் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசி நான் எதையும் விற்றதில்லை.

உன் பெண்சாதி ஒரு நாள் கடைக்கு வந்தாள். கையில் பை. வேனிலிருந்தும் அந்த இடத்திலிருந்தும் பொறுக்கித் தந்த உன் சாமான்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணே, எனக்கு உண்மையச் சொல்லுங்க. அவரு இத எடுக்கத்தான் குனிஞ்சாரா?”

பையிலிருந்து அடுப்பை எடுத்து வைத்தாள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மூடி இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. காதருகில் வைத்து ஆட்டினேன். உள்ளே ஸ்பிரிட் தளும்பியது. எனக்கு விளங்கிவிட்டது மச்சான். எடுக்க வந்தவன் அள்ளிக்கொண்டு ஓடியிருப்பான். தானாக அணைந்திருந்தால் ஒரு சொட்டும் மிஞ்சியிருக்காது. எரிகிற அடுப்பை யானை மிதித்தால் ஸ்பிரிட் சிதறிப் புல் பற்றி மலையே எரியும் என்று நீ மூடிக்கொண்டிருந்தாய். அதை அவளுக்கு விளங்கப்படுத்தினேன். நீ எப்படிக் கையைப் பிடிப்பாய் என்பதையும் காட்டினேன்.

அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

“உசிரக் குடுக்க அது யாரோட புல்லுண்ணே?”

அவள் அடுப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் கேள்விக்காகவே போன மாதம் லக்கல பக்கம் போனேன். உன் இடத்திலிருந்து சரிவு முழுக்கப் புல். அதன் அடியில், மேலிருந்து பார்த்தால்தான் தெரிகிற மாதிரி, காட்டை வெட்டிப் பயிர் போட்ட ஒரு சேனை. சோளம் காய வைத்திருந்தார்கள். குடிசைக்கு வெளியே கொடியில் சிறு பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள். ஒரு பெண் யாரையோ சிங்களத்தில் திட்டிக்கொண்டிருந்தாள். இறங்கிப்போய்ச் சொல்ல நினைத்தேன். என்ன சொல்ல? தங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பது எப்படி ஒரு செய்தியாகும்?

மேலேயே குந்தி, கடையிலிருந்து கொண்டுபோன அடுப்பில் தேத்தண்ணீர் போட்டேன். குடித்தேன். மூடியை வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்தேன். அப்போது எனக்குப் பின்னால் பற்றைக்குள் ஒரு கொப்பு முறிந்தது. மாடாக இருக்கலாம். குரங்காக இருக்கலாம். முதுகு முழுக்க வேர்த்துவிட்டது. நீ அன்று எவ்வளவு நேரம் இப்படிக் குனிந்து கையைப் பிடித்திருந்தாய் என்று யாரும் சொல்லாமலே எனக்கு விளங்கியது.

உன் பெண்சாதியிடம் போய், அங்கே கண்டதைச் சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன் மச்சான். சாமான் போனால் போகட்டும் என்று எழும்பி ஓடுகிற ஆள்தான் நான், உனக்கே தெரியும். அந்தக் கொப்பு முறிந்த அன்று நான் ஓடவில்லை. கையில் சூடு அற்றுப்போகும்வரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.