ஒரு நாள் விட்ட காய்

ஜூன் 4
பதினோரு குடும்பங்கள் ஊறுகாய் வெள்ளரி போடச் சம்மதித்தாயிற்று. அரை ஏக்கர் மட்டுமே வைத்திருக்கும் அக்கா மட்டும்தான் பாதி நிலத்தில் சோளம்தான் என்று நின்றாள். "வெள்ளரி போகலேன்னா சோளத்தச் சாப்பிடலாம் டீச்சர். வெள்ளரிய எத்தன நாளைக்குச் சாப்பிடறது?" விவசாயிகள் சங்கத்தில் பயிற்சி கொடுப்பதால் நான் எல்லோருக்கும் டீச்சர். ஊறுகாய்க் கம்பெனி வண்டி வாசலுக்கே வரும், பாதியில் போட்டால் பாதி வாழ்க்கைதான் மாறும் என்று பேசிப் பேசியே கரைத்தேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும். முழு நிலத்துக்கும் விதை வாங்கிக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூன் 5
அவள் வீட்டுக்காரர் நேற்று ஒரு வார்த்தை பேசவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 14
முதல் பறிப்பு. காயை அளக்க வீட்டுக்கொரு பலகை கொடுத்திருக்கிறோம், நடுவில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. அதில் நுழையாத காயைக் கம்பெனி எடுக்காது. அக்காவின் பத்துக் கூடையில் ஏழு திரும்பி வந்தன.

"பிஞ்ச எப்படிப் பறிக்கிறது டீச்சர்? நேத்து விரல் மாதிரி இருந்துச்சு. இன்னும் ஒரு நாள் விட்டா நல்லாப் பெருக்குமேன்னு விட்டேன்."

எல்லா வீட்டிலும் இதே கதை. வளர்கிற காயை வளரவிடாமல் பறிக்க, பட்டினி பார்த்தவர்களுக்கு மனம் வருமா? உரம் சொன்னேன், பூச்சி சொன்னேன். இதைச் சொன்னேனா? பலகையைக் கையில் கொடுத்தால் புரிந்துவிடும் என்று நினைத்தேன். பெரிய டீச்சர்.

ஜூலை 16
திரும்பி வந்ததை ஆடு தின்கிறது. அதற்கும் சலித்துவிட்டது.

ஜூலை 23
அக்கா தேறிவிட்டாள். காலையும் மாலையும் பறிக்கிறாள். பலகை ஆணியில் தொங்குகிறது. காயைப் பார்த்ததுமே சொல்லிவிடுகிறாள். இன்று ஒரு கூடைகூடத் திரும்பவில்லை. "எல்லாரும் இவங்கள மாதிரி இருந்தா நான் ஏங்க திட்டு வாங்கறேன்," என்றார் வண்டிக்காரர். மற்ற வீடுகளில் இன்னும் அந்த ஒரு நாள் விட்டுத்தான் பறிக்கிறார்கள். பலகையோடு வீடு வீடாகப் போய் வருகிறேன்.

ஜூலை 29
வண்டி வரவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தேன். இந்த ஊர்ச் சரக்கில் கழிவு அதிகமாம், இனி வராதாம். அவ்வளவுதான்.

அக்கா கூடைகளின் மேல் ஈரத்துணி போர்த்திவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். "நாளைக்கு வந்துருமா டீச்சர்?"

வரும்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்? சொல்லிட்டு ஓடி வந்துட்டேன். பாதி சோளம்னு கேட்டாளே — போட விட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும் எனக்கு?

ஆகஸ்ட் 2
போய் உண்மையைச் சொன்னேன். "அன்னிக்கே தெரியும். உங்க முகத்துலயே இருந்துச்சு," என்றாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 30
அக்கா வீட்டில் நிலத்தை மூன்று வருடக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். வீட்டுக்காரர் மூட்டை தூக்கப் போய்விட்டார். குத்தகைக்கு எடுத்தவர் உழுகிறார். என்ன போடப் போகிறீர்கள் என்று கேட்டேன். சோளமாம்.

செப்டம்பர் 9
அக்கா வீடு பூட்டியிருக்கிறது.

அக்டோபர் 11
பக்கத்து ஊருக்காவது வண்டி கேட்கலாம் என்று கம்பெனிக்குப் போனேன். நீளமான மேசை, இரண்டு பக்கமும் தலையில் உறை மாட்டிய பெண்கள், நடுவில் வெள்ளரிக் குவியல். மூன்றாவதாக நின்றவள் அக்கா.

"வாங்க டீச்சர். இங்க எல்லாருக்கும் பலக குடுக்கறாங்க. எனக்கு வேணாம்னேன். ரெண்டு கூடையப் பிரிச்சுக் காட்டினதும் சேத்துக்கிட்டாங்க." பேசும்போதும் கை நிற்கவில்லை. பெருத்த காய்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் இருந்த தொட்டியில் விழுந்தன.

இது எந்த ஊர்க் காய் என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும். பாவம், ஒரு நாள் விட்டிருக்காங்க," என்று சொல்லிவிட்டு அடுத்ததையும் தொட்டியில் போட்டாள்.

வண்டி கேட்காமலே திரும்பி வந்தேன்.