ஒரு மணி நேரத் தூரத்தில் அத்தை இருந்தார்

எங்கள் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. இதை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

உங்கள் முப்பத்தொன்றாம் நாள் நினைவு அறிவித்தலை, என் போன் நம்பரோடு தம்பி ஃபேஸ்புக்கில் போட்டான். குடியுரிமை ஒப்பந்தத்தில் கப்பலேறி இந்தியாவுக்குப் போன உங்கள் தங்கை மாரியாயியின் பெயரையும் சேர்க்கச் சொன்னது நான்தான். மறுநாள், தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்கும்போது போன் வந்தது. திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெண். அத்தையின் பேத்தியாம்.

"அந்தத் தாத்தா இப்பதான் இறந்தாங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, போன மாசம்."

இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "எங்க பாட்டி நாப்பது வருசமா அவருக்குத் திதி குடுக்குறாங்க."

கொழுந்துச் சாக்கைத் தராசிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

இனக் கலவரத்தில் கலவானைப் பக்கத்துத் தோட்டத்தில் நாம் குடியிருந்த லய வீடுகள் எரிந்தபோது, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெரணியகலைக்கு ஓடிவந்தீர்களே. அந்த லயத்தில் யாருமே தப்பவில்லை என்று, கடல் தாண்டி அக்கரைக்குப் போன யாரோ அத்தையிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் போட்ட கடிதங்களும் திரும்பிப் போயிருக்கின்றன. நீங்கள் எழுதியதெல்லாம், இந்தியாவில் அவரை முதலில் தங்கவைத்த, அவர் எப்போதோ விட்டுப்போன முகாமுக்கு. "அவ மறந்துட்டா" என்று நீங்கள் சொல்வீர்கள். அவர் மறக்கவில்லை அப்பா.

போன வாரம் நேரில் போனேன். தெரணியகலையில் பஸ் ஏறி, அவிசாவளையில் மாறி, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்ச் சேரவே நாலு மணி நேரம். விமானத்தில், திருச்சிக்கு நானூறு கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுவோம் என்று அறிவித்தார்கள். காதில் தப்பாக விழுந்ததோ என்று பக்கத்தில் இருந்த அக்காவிடம் கேட்டேன். சேலை வாங்கி வந்து விற்கிறவர் அவர்.

"ஒரு மணி நேரந்தான் தங்கச்சி. நான் மாசாமாசம் போய் வாறேனே!"

மாசாமாசம்! பெல்ட்டைப் போடவும் மறந்து அவரையே பார்த்தேன். அவர்தான் மாட்டிவிட்டார். நம் மலைக்கு மேலேயும் விமானம் போகத்தானே செய்தது? எவ்வளவு நேரம் ஆகும் என்று நாம் ஏன் ஒருவரிடமும் கேட்கவில்லை?

அத்தைக்கு உங்கள் மூக்கு. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வந்து சேர எத்தன நாளாச்சு ஆயி?"

"ஒரு மணி நேரம் அத்தே."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் கப்பல்லயும் ரயில்லயும் மூணு நாள் வந்தேனே. ஒரு மணி நேரத்துல இருந்த மனுசனுக்கா எள்ளும் தண்ணியும் எறச்சேன்?"

அவர் அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சாயங்காலம் ஆனது. கடைசியில், "அண்ணன் குழியக் காட்டுவியா?" என்று மட்டும் கேட்டார்.

அத்தையின் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். உங்களிடம் அவர் ஏதோ சொல்ல வேண்டுமாம். என்னவென்று என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார்.

கூட்டி வருவேன் அப்பா, இது சத்தியம். தேயிலைக்குள்ளே கையைப் பிடித்து உங்கள் குழியின் தலைமாடு வரைக்கும் ஏற்றிவிடுவேன். பிறகு நான் ரோட்டுக்கு இறங்கிவிடுகிறேன். அண்ணனும் தங்கையும் பேசி முடிக்கும்வரை யாரையும் மேலே விடமாட்டேன்.

உங்கள் மூத்த மகள்,
மாரியாயி அத்தையின் மருமகள்,
செல்வராணி