மூக்கில்லாமல் போட்ட ஷிராஸ்

பரோசா,
செப்டம்பர் 14

அன்பு மகள் கிர்ஸ்டிக்கு,

இங்கே நானும் அம்மாவும் உண்டு உறங்கி எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் கப்பலும் கரையும் நீயும் அதேபோல் பத்திரமாக இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால் நிம்மதியாக இருக்கும். கிழக்குச் சரிவில் பழைய ஷிராஸ் திராட்சைக் கொடிகள் மொட்டு வெடிக்கத் தொடங்கிவிட்டன. மழை போதவில்லை, ஆனால் கிணறு வற்றவில்லை. அம்மாவின் முழங்கால் வலி குளிரோடு போய்விட்டது. நீ கேட்ட கம்பளிக் காலுறை மூன்று ஜோடி இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது, இரண்டைச் சேர்த்துப் போட்டுக்கொண்டால் பூட்ஸ் கடிக்காது. இயந்திர அறையின் வெக்கையிலிருந்து நேராக மேல்தளத்துக்குப் போய்க் கடல்காற்றில் நிற்காதே, போன வருஷ இருமல் நினைவிருக்கட்டும்.

தொலைபேசியில் உன்னிடம் மறைத்த ஒன்றை இப்போது எழுதுகிறேன். உன் குரலைக் கேட்டால் மழுப்பிவிடுவேன், அதனால்தான் கடிதம். ஜனவரியில் கூரைத் தகரத்தின் மேல் கிடந்த இலைகளை வாரும்போது ஏணியிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடிபட்டது உனக்குத் தெரியும். காயம் பத்து நாளில் ஆறிவிட்டது என்று சொன்னேன், அதுவும் பொய்யில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு வாசனை தெரியவில்லை. காப்பி கசந்த வெந்நீராக இருந்தது. மெட்வுர்ஸ்ட் தொத்திறைச்சியில் உப்பும் கொழுப்பும் தவிர ஒன்றுமில்லை. நாளைக்கு வரும், நாளை மறுநாள் வரும் என்று யாரிடமும், அம்மாவிடமும்கூட, மூச்சுவிடாமல் இருந்தேன். முப்பத்தெட்டு வருஷமாக மூக்கை நம்பி ஒயின் போட்டுப் பிழைக்கிற ஒருவன் இதைப் போய் யாரிடம் சொல்வான், நீயே சொல்.

பிப்ரவரி கடைசியில் பழம் பறித்தோம். அதுவரை சமாளித்துவிட்டேன். சர்க்கரைக்கு அளவுகோல் இருக்கிறது, புளிப்புக்கு நாக்கு இருக்கிறது. விதையைக் கடித்தால் பச்சையாக வழுக்காமல் வறுத்த கடலையைப் போல் நொறுங்க வேண்டும், அது பல்லுக்குத் தெரியும். நசுக்கித் தொட்டியில் விட்டு நொதிக்கத் தொடங்கிய நான்காம் நாள் விடியற்காலையிலிருந்து தொட்டி மேல் பலகையில் நின்று, மேலே தடித்து மிதக்கும் திராட்சைத் தோல் மெத்தையைக் கட்டையால் அமுக்கிக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு அம்மா ரொட்டியும் காப்பியும் கொண்டுவந்தவள் கொட்டகைக் கதவைத் திறந்ததுமே அப்படியே நின்றுவிட்டாள். “க்ளெம், அழுகின முட்டை நாத்தம் குடலப் புடுங்குது, நீ எப்படி இங்க நிக்கிறே?” என்றாள். நான் கட்டையை அமுக்கிக்கொண்டே இருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு காப்பிக் கோப்பையை என் மூக்குக்கு நேரே நீட்டி, “கண்ண மூடு. இது என்ன?” என்று கேட்டாள். காப்பி கொண்டுவருவதைப் பார்த்திருந்தேன், காப்பி என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஏனோ அன்றைக்கு என்னால் முடியவில்லை. தெரியவில்லை என்றேன். அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள், அழவில்லை, திட்டவில்லை. “எத்தன நாளா?” என்றாள். ஏழு வாரம் என்றேன். “சரி. அத அப்புறம் பேசிக்கலாம். இந்தத் தொட்டிக்கு இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு.”

சாற்றை நொதிக்க வைக்கும் ஈஸ்ட் தீனி போதாமல் திணறினால் வரும் நாற்றம் அது, விட்டால் ஒயினில் நிரந்தரமாகத் தங்கிவிடும். அடியிலிருந்து சாற்றைத் திறந்து காற்றுப்பட அருவி போல வேறு தொட்டியில் விழவைத்து மறுபடி தோல்மேல் ஊற்றினோம், ஈஸ்ட்டுக்குத் தீனி போட்டோம், இரண்டு நாள், நாளுக்கு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அம்மா குனிந்து முகர்ந்து தன் சமையலறைப் பாஷையில் சொல்வாள். முதல் நாள் சாயங்காலம் அணைத்த தீக்குச்சி என்றாள். மறுநாள் காலை சைக்கிள் டயர் என்றாள். மூன்றாம் நாள் நெடுநேரம் குனிந்திருந்துவிட்டு, “பிளம் ஜாம். அடிப்பிடிக்கறதுக்கு ஒரு நிமிஷம் முந்தி” என்றாள். அப்போதுதான் நான் பலகையில் உட்கார்ந்தேன்.

உனக்கே தெரியும், அம்மா ஒரு சொட்டு குடித்ததில்லை. அவளுடைய அப்பா குடித்தே அழிந்தவர், பதினாறு வயதில் தேவாலயத்தில் செய்த சத்தியத்தை இன்றுவரை காப்பாற்றுகிறாள். பீப்பாய் கழுவுவேன், குடிக்க மாட்டேன் என்று சொல்லித்தானே என்னைக் கட்டிக்கொண்டாள். நிலத்தில் பங்குக்காரன் என்பதால் ரெக்ஸ் சித்தப்பாவிடம் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அவளே என்னை அழைத்துப் போனாள். அவன் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தான். “மூக்கில்லாதவனும் நாக்கில்லாதவளும் சேந்து ஒயின் போடப்போறீங்களா? பேசாம சாற வித்துடு க்ளெம், அடுத்த வருஷத்துலேந்து பழத்த ஒயின் கம்பெனிக்குக் குடுத்துடலாம்” என்றான். அம்மா உடனே, “எனக்கு நாக்கு இருக்கா இல்லையான்னு இன்னும் ரெண்டு நிமிஷம் நின்னா தெரிஞ்சுக்குவே, ரெக்ஸ்” என்றாள். கடைசியில் அவன் ஒரு கெடு வைத்தான். செப்டம்பரில் பீப்பாயிலிருந்து எடுத்துச் சுவைத்துப் பார்ப்பது, அது பரோசாவின் மற்ற ஷிராஸ்களுக்குப் பக்கத்தில் நிற்காவிட்டால் கிழக்குச் சரிவுப் பழம் முழுக்கக் கம்பெனிக்கு. நான் ஒப்புக்கொண்டேன்.

மகளே, மூக்கு போன பிறகுதான் வாய்க்குள் எத்தனை இருக்கிறது என்று கவனித்தேன். தண்ணீருக்கும் ஆடையெடுக்காத பாலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வது மூக்கில்லை, நாக்கு. ஷிராஸின் கனம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. துவர்ப்பு ஈறில் இருக்கிறது, முதலில் உப்புத்தாள் போல உரசும், நாள் போகப் போகப் பட்டுத் துணியாகும். வழக்கமாக எட்டாம் நாள் பிழிந்துவிடுவேன், இந்த முறை ஈறு இன்னும் வேண்டாம் வேண்டாம் என்றது, பதினைந்து நாள் தோலோடு விட்டேன். ரெக்ஸ் தினமும் வந்து, “செருப்பக் கடிக்கிற மாதிரி இருக்கும், நான் சொல்றத எழுதி வெச்சுக்கோ” என்று சொல்லிவிட்டுப் போவான். நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

ஜூலையில் ஒரு சண்டை வந்தது, அதையும் மறைக்க மாட்டேன். பதினோரு பீப்பாயில் ஒன்றை முகர்ந்துவிட்டு அம்மா காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாடை என்றாள். என் வாய்க்கு அதுதான் எல்லாவற்றிலும் உருண்டு திரண்டு அருமையாக இருந்தது, மற்றவற்றோடு கலக்கக் குழாயைக்கூடப் போட்டுவிட்டேன். வேண்டாம் என்று குழாயைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காதவளுக்கு என்ன தெரியும் என்று கத்திவிட்டேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. “குடிச்சாத்தான் தெரியும்னா எங்கப்பா பெரிய மேதையால்ல இருந்திருக்கணும்” என்றாள். மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். அவள் சொன்னதுதான் சரி, அந்தப் பீப்பாயில் கெட்ட ஈஸ்ட் குடியேறியிருந்தது, கலந்திருந்தால் பதினொன்றும் போயிருக்கும். முந்நூறு லிட்டரை நானே கொட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். பீப்பாயைக் கொளுத்திவிட்டு வா, பிறகு கேள் என்றாள். கொளுத்திவிட்டு வந்து மறுபடி கேட்டேன்.

நேற்று ஞாயிறு. தேவாலயம் முடிந்ததும் ரெக்ஸ் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தோம். அக்கம்பக்கத்தார் மூன்று பேருடைய ஷிராஸ், நம்முடையது ஒன்று. நானும் ரெக்ஸும் வெளியே முற்றத்தில் நிற்க அம்மா நான்கு கிளாஸில் ஊற்றி அடியில் சாக்பீஸால் குறிவைத்தாள். எனக்கு மூன்றாவதை வாயில் வைத்ததுமே ஈறு சொல்லிவிட்டது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. ரெக்ஸ் ஒவ்வொன்றாக முகர்ந்தான், சுழற்றினான், வாயில் கொப்பளித்துத் துப்பினான், இடையில் ஊறுகாய் வெள்ளரியைக் கடித்தான். இரண்டாவதை நல்லது என்றான். முதலாவதையும் நான்காவதையும் தள்ளி வைத்தான். மூன்றாவதற்கு மறுபடி வந்தான், மறுபடியும் வந்தான். நான்காம் தடவை துப்பவில்லை, விழுங்கினான். “இது யாரோடது? கரடா இருக்கு, இன்னும் பத்து வருஷம் தூங்கணும். ஆனா போட்டவனுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி” என்றான். அம்மா கிளாஸைத் தூக்கி அடியில் இருந்த நம் குறியைக் காட்டினாள். ரெக்ஸ் தொத்திறைச்சியை இரண்டு துண்டு வெட்டினான். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான், “மூக்கு இருந்தப்ப நீ பயந்து பயந்துதான் போட்டே, க்ளெம்.” கொடிகள் கம்பெனிக்குப் போகவில்லை. அடுத்த வருஷமும் நாங்கள்தான்.

கிளம்பும்போது ரெக்ஸ் வாசலில் நிறுத்தி இன்னொன்றும் சொன்னான். மார்ச்சிலேயே உனக்கு எழுதிவிட்டானாம், உங்கப்பாவுக்கு மூக்கு போய்விட்டது, அவன் கதை முடிந்தது, வேலையை விட்டுவிட்டு வந்து கொட்டகையை எடுத்துக்கொள் என்று. நீயும் கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடுகிறேன் என்று பதில் எழுதியிருக்கிறாய். உன் பழைய அறையில் மேசை போட இடமிருக்கிறதா என்று போன மாதம் ஏன் கேட்டாய் என்பது அப்போதுதான் புரிந்தது. ஆறு மாதம் தெரிந்துகொண்டே என்னை எதுவும் கேட்காமல் இருந்திருக்கிறாய், நானும் தெரியாதென்று நினைத்து மறைத்துக்கொண்டிருந்தேன். நல்ல அப்பன், நல்ல மகள்.

கிர்ஸ்டி, வராதே. அந்தக் கப்பலில் இரண்டாம் பொறியாளர் ஆக நீ ஒன்பது வருஷம் பட்ட பாடு எனக்குத் தெரியும். திராட்சை உனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்காது, தெரிந்தேதான் உன்னை அனுப்பினேன். என்மேல் இரக்கப்பட்டு உனக்கு விருப்பமில்லாத வேலையில் நீ உட்கார்ந்தால் மூக்கைவிடப் பெரியதை நான் இழந்தவன் ஆவேன். அடிலெய்ட் டாக்டர் இனி வாசனை திரும்பாது என்றே சொல்கிறார். திரும்பாவிட்டால் போகட்டும். அறுபத்து நான்கு வயதில் புதிதாக ஒரு வேலை கற்றுக்கொண்டிருக்கிறேன், அதை என் கையிலிருந்து பிடுங்காதே. விலகல் கடிதம் கொடுத்திருந்தால் நாளைக்கே போய்த் திரும்ப வாங்கு.

கடவுள் உன்னைக் கடலிலும் கரையிலும் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு. பல் டாக்டரைத் தள்ளிப்போடாதே. கடிதம் கிடைத்ததும் முதலில் வேலையைப் பற்றி எழுது, மற்றதெல்லாம் பிறகு.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா க்ளெம்

பி.கு. அப்பா உறையை ஒட்டுவதற்கு முன் நான் இதை எழுதுகிறேன். வேலையை விடாதே என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. ஆனால் பிப்ரவரி கடைசியிலிருந்து மூன்று வாரம் லீவு கேள். முகர்வதற்கு நான் ஒருத்தி போதும், பழம் பறிக்கும்போது கூடை தூக்கத்தான் ஆள் குறைகிறது. அம்மா.