திருப்பிப் போட்டாலும் எட்டு

கார்த்திகை, செவ்வாய்க்கிழமை இரவு

எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். நான் பேசுவதைப் போன்தான் எழுதிக்கொள்கிறது.

மகன் இங்கே நாகலூர் மலையில் வாடகை ஜீப் ஓட்டுகிறான். போன மாதம் மலை வளைவில் ஜீப் சறுக்கியது. அவனுடைய பத்து இலக்க போன் நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறது, எட்டு ஆகாது என்று அன்றிலிருந்து மருமகளுக்குத் தூக்கமில்லை. இன்று புது நம்பர் வாங்கி வந்தாள்.

"சவாரிக்காரங்க மறக்கக்கூடாதுன்னு பழசு மாதிரியே கேட்டு வாங்குனேனுங்க மாமா. கூட்டுனா அஞ்சுன்னு கடைக்காரர் சொன்னாருங்க. எட்டு நம்ம ஊட்டை உட்டுப் போயிருச்சுங்க!"

முதல் ஆறு எண்களும் பழையவைதான். கடைசியில் மூணு ஆறு நாலு ஒண்ணு என்று இருந்தது, ஒண்ணு நாலு ஆறு மூணு என்று திரும்பியிருக்கிறது. எண்கள் இடம் மாறி உட்கார்ந்தால் கூட்டுத்தொகை மாறிவிடுமா? முன்னாலிருந்து கூட்டினேன், பின்னாலிருந்து கூட்டினேன். ஒன்பது ஒன்பதாகத் தள்ளியும் பார்த்தேன். எட்டுதான் மிஞ்சியது.

"ஏனுங்க மாமா, சரிதானுங்களே?"

"அஞ்சேதான் கண்ணு" என்றேன்.

"அப்பாடா, இன்னைக்காச்சும் நல்லாத் தூங்குவேனுங்க" என்று போய்ப் படுத்தவள் உடனே தூங்கிவிட்டாள்.

எனக்கு எட்டில் நம்பிக்கை கிடையாது. அப்புறம் எதற்குப் படுத்துக்கொண்டே கூட்டிக்கொண்டிருக்கிறேன்? மகன் சேலத்துக்குச் சவாரி போயிருக்கிறான். பனிமூட்டம் இறங்கிவிட்டது. இந்த ஒரு மாதமும் அவள் எப்படிப் படுத்துக் கிடந்திருப்பாள் என்று இப்போதுதான் தெரிகிறது.

இன்னும் ஜீப் சத்தம் கேட்கவில்லை.